பாவித்த நிக்கான் டி7200: 12 பிட்டா, 14 பிட்டா?

2015இல் வந்த கமராவுக்கு இப்போது என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள். புதிதாக வாங்க வசதியில்லாமல் செகண்ட் ஹாண்டில் இதைத் தேடி எடுக்கிற பொடியள், கையில் வந்ததும் என்னிடம் கேட்பது இரண்டு கேள்விதான். பிட் எத்தனையில் வைக்கிறது? கலர் ஸ்பேஸ், அதாவது படம் காட்டக்கூடிய நிறங்களின் எல்லை, எதில் வைக்கிறது?

முதலில் பிட். இது ரோ ஃபைலுக்கு, அதாவது சென்சர் பிடித்ததைக் கமரா பதப்படுத்தாமல் வைக்கிற ஃபைலுக்கு உரிய கணக்கு. 12 பிட்டில் ஒவ்வொரு பிக்சலின் வெளிச்சமும் 4,096 படிகளாகப் பதியும். 14 பிட்டில் 16,384. கணக்கைப் பார்த்தால் 14தான் என்று தோன்றும். கொழும்பு காலிமுகத்திடலில் பொழுதுபடுகிற நேரத்துக்கு அது சரி. ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100இல் வானத்துக்கு அளந்து எடுத்தால் இஸ்ஸோ வடை வண்டியும் அதற்குப் பின்னால் நிற்கிறவரும் கரிக்கட்டையாக விழுவார்கள். படம் திருத்துகிற லைட்ரூமில் அந்த இருட்டை நான்கு ஸ்டொப் தூக்கிப் பாருங்கள்; ஒரு ஸ்டொப் என்றால் வெளிச்சம் இரண்டு மடங்கு. 14 பிட் ஃபைலில் வண்டிக் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும் வடையின் மேல் இறால் தனியாகத் தெரியும். 12 பிட்டிலும் தெரியும், ஆனால் நிழலில் புள்ளி கூடும், கொஞ்சம் நிறமும் பிசகும். இந்த சென்சர் ஐஎஸ்ஓ 100இல் இருட்டை அவ்வளவு சுத்தமாகப் பிடிப்பதால்தான் அந்த இரண்டு பிட்டுக்கும் வேலை இருக்கிறது.

கொழும்பில் ஆடிவேல் திருவிழாவுக்குப் போனால் கதை மாறிவிடும். செட்டியார் தெருவிலிருந்து புறப்பட்ட தேரைப் பொழுதுபட்ட பிறகு காலி வீதியில் பிடிக்க நின்றால், ஐஎஸ்ஓ 3200க்குக் கீழே இறங்க முடியாது. அங்கே இரைச்சலே, அதாவது படத்தில் விழும் அந்தப் புள்ளிகளே, படிகளைவிடப் பெரிது. கூடுதல் இரண்டு பிட்டும் இரைச்சலைத்தான் நுணுக்கமாக அளந்து வைக்கும். 14 பிட்டில் இந்தக் கமரா செக்கனுக்கு 5 படம்தான் எடுக்கும், லொஸ்லெஸ் கம்ப்ரெஸ்டில் (தரம் குறையாமல் சுருக்கும் முறை) 18 படத்தோடு பஃபர், அதாவது கார்டில் எழுதும்வரை படங்கள் காத்திருக்கும் இடம், நிரம்பிவிடும். 12க்கு மாற்றினால் செக்கனுக்கு 6, தொடர்ச்சியாக 27. காவடி ஆடுகிறவர் சுழன்று முகத்தைத் திருப்புகிற அந்தக் கணத்தில் கமரா மூச்சுவாங்கிக்கொண்டு நிற்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆக, திருவிழா இரவுக்கு 12, மற்ற எல்லாவற்றுக்கும் 14.

கலர் ஸ்பேஸ் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. ரோ ஃபைலில் மெனுவில் வைக்கிற அடோபி ஆர்ஜிபி, எஸ்ஆர்ஜிபி எதுவும் ஒட்டாது. அது ஜேபெக்குக்கும் பின்திரையில் காட்டுகிற முன்னோட்டத்துக்கும்தான். ரோவிலிருந்து படத்தை வெளியே எடுக்கும்போது வேண்டியதைத் தெரிவுசெய்யலாம். அடோபியில் வைத்தால் ஃபைல் பெயரின் முதல் எழுத்துக்கு முன்னாலேயே ஒரு அடிக்கோடு வந்து நிற்கும், அவ்வளவுதான்.

‘கூறைச் சிவப்பு அப்படியே வர அடோபி வேணும் அண்ணா’ என்று எவனாவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். இரண்டு எல்லைக்கும் சிவப்பு முனை ஒன்று, நீல முனையும் ஒன்று. அடோபியில் பச்சை முனை மட்டும்தான் தள்ளிப் போகிறது. பலன் தெரிவதென்றால் மயில்கழுத்து நிறச் சாறியிலும் வாழையிலையிலும் தெரியலாம். அதுவும் அச்சடிக்கிறவர் புரொஃபைலை, அதாவது படம் எந்த ஸ்பேஸில் என்று ஃபைலில் இருக்கும் குறிப்பை, மதித்தால்! வெள்ளவத்தைப் பக்கம் ஒரு லேப்பில் அடோபியில் கொடுத்த அல்பம் படங்களை எஸ்ஆர்ஜிபி என்று நினைத்தே அடித்துத் தந்தார்கள். மணப்பெண்ணின் அம்மா பக்கத்தைப் புரட்டிவிட்டு, “தம்பி, நாங்கள் எடுத்த சாறி இவ்வளவு வெளுறலா?” என்றா. புரொஃபைலோடுதான் கொடுத்தேன் என்று அவவிடம் சொல்லி என்ன பிரயோசனம்? அன்றிலிருந்து லேப்புக்குப் போவதெல்லாம் எஸ்ஆர்ஜிபி.

கூறைச் சிவப்புக்கு உண்மையில் பார்க்க வேண்டியது ஹிஸ்டோகிராமில், அதாவது வெளிச்ச அளவைக் காட்டும் வரைபடத்தில், சிவப்பு வரி. அது வலப்பக்கச் சுவரில் முட்டினாலும் பதற வேண்டாம், அது ஜேபெக்கின் கணக்கு. ரோவில் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஆனால் அதை நம்பி வெளிச்சத்தை அள்ளிக் கொட்டவும் வேண்டாம்.

இரண்டு கார்ட் போடலாம் என்பது இந்த விலைக்குப் பெரிய விஷயம். ஒன்றில் ரோ, மற்றதில் வீட்டுக்காரருக்கு உடனே அனுப்ப ஜேபெக் என்று பிரித்து வைத்திருக்கிறேன். குறை என்றால் திரை மடியாது. வேல் கூட்டத்தில் தலைகளுக்கு மேலே கமராவைத் தூக்கினால் குருட்டாம்போக்கில்தான் அமுக்க வேண்டும்.