பெயர்ப் பட்டியலும் ரயில் அட்டவணையும்: ஜப்பானியத் துப்பறியும் நாவல்களுடன் ஆறு ஆண்டுகள்

ஜப்பானியக் குற்றப் புனைவுகளை ஆங்கில மொழிபெயர்ப்பில் ஆறு ஆண்டுகளாக வாசித்து வருகிறேன். தொடக்கத்தில் மூன்று விஷயங்கள் என்னைச் சோர்வடையச் செய்தன: ஒன்றுபோல் ஒலிக்கும் பெயர்கள், வீடுகளின் வரைபடங்கள், பக்கக்கணக்கில் நீளும் ரயில் நேரங்கள். இன்று இந்நாவல்களில் நான் தேடிப்போவது பெரும்பாலும் இவற்றைத்தான்.

முதலில் படித்தது ஹிகாஷினோ கெய்கோவின் ‘தி டிவோஷன் ஆஃப் சஸ்பெக்ட் எக்ஸ்’. 2005இல் ஜப்பானில் வெளிவந்து நவோகி பரிசு பெற்ற இந்நாவல், கொலையைத் தொடக்கத்திலேயே நம் கண்முன் நடத்திக் காட்டிவிடுகிறது. கொன்றவர் யார் என்று தெரிந்த பிறகு மீதிப் பக்கங்களில் என்ன இருக்கப்போகிறது என்ற ஐயத்துடன்தான் தொடர்ந்தேன். கொலையில் சிக்கிய தாயையும் மகளையும் காப்பாற்ற, பக்கத்து வீட்டில் வசிக்கும் கணித ஆசிரியர் இஷிகாமி உண்மையில் என்ன செய்தார் என்பது இறுதியில் விளங்கியபோது, நள்ளிரவு கடந்திருந்தும் முதல் அத்தியாயங்களை மீண்டும் புரட்டினேன். புதிதாக ஒருவர் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான நூல் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் என்னை முழுமையாக ஆட்கொண்டவர் மட்சுமோட்டோ செய்ச்சோ. 1957இல் ஒரு பயண இதழில் தொடராக வரத் தொடங்கி, ஆங்கிலத்தில் இப்போது ‘டோக்கியோ எக்ஸ்பிரஸ்’ என்ற பெயரில் கிடைக்கும் அவருடைய நாவல், ஃபுகுவோகாவுக்கு அருகே காஷி கடற்கரையில் ஓர் ஆணும் பெண்ணும் இறந்து கிடப்பதில் தொடங்குகிறது. காதலர்கள் சேர்ந்து உயிரை மாய்த்துக்கொண்டனர் என்று எல்லோரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். இறந்தவரின் சட்டைப்பையில் ரயிலின் உணவகப் பெட்டியில் சாப்பிட்டதற்கான ரசீது ஒன்று இருக்கிறது. அதில் ‘ஒருவருக்கு’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. காதலியுடன் பயணம் செய்தவர் ஏன் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார்? டோரிகாய் என்ற முதிய காவலர் இந்தக் கேள்வியை விடாமல் பற்றிக்கொள்கிறார். காஷி என்ற ஒரே பெயரில் அங்கே இரண்டு ரயில் நிலையங்கள் இருப்பதால், ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு நடக்க எத்தனை நிமிடம் ஆகும் என்று அவர் தாமே நடந்து பார்த்துக் கணக்கிடும் இடத்தை நான் மூன்று முறையாவது படித்திருப்பேன். இறந்த இருவரும் ஒன்றாக ரயிலேறியதைச் சாட்சிகள் பார்த்தது டோக்கியோ நிலையத்தில். அதன் 13ஆம் நடைமேடையிலிருந்து 15ஆம் நடைமேடையை, இடையில் எந்த வண்டியும் மறைக்காமல் பார்க்கக்கூடிய நேரம் மாலை 5.57 முதல் 6.01 வரையிலான நான்கு நிமிடங்கள் மட்டுமே. இதை ஒரு தாளில் கோடுபோட்டு வரைந்து பார்த்த பிறகுதான், வேகமாகத் தாண்டிச் சென்ற அட்டவணைப் பக்கங்களிலேயே கதை நடந்துகொண்டிருந்தது என்பதை உணர்ந்தேன். அன்று முதல் இத்தகைய நூல்களைப் பென்சில் இல்லாமல் திறப்பதில்லை.

வரைபடங்களின் அருமையை உணர்த்தியது யோகோமிசோ செய்ஷியின் ‘தி ஹோன்ஜின் மர்டர்ஸ்’. காகிதம் ஒட்டிய நகரும் கதவுகளைக் கொண்ட மரவீட்டில், உள்ளே யாரும் நுழைய முடியாத பூட்டிய அறை மர்மத்தை அமைப்பது எளிதன்று. போர்க்காலத்தில் துப்பறியும் கதைகள் ஒடுக்கப்பட்டிருந்த நிலை மாறியதும், 1946இல், யோகோமிசோ அதைச் செய்து காட்டினார். திருமண இரவு, கோட்டோ என்ற நரம்பிசைக் கருவியின் ஒலி, பனி மூடிய தோட்டத்தில் குத்திட்டு நிற்கும் வாள் ஆகியவை மனத்தில் பதிய வேண்டுமானால், எந்த அறைக்குப் பின்னால் எது இருக்கிறது என்று தெரிந்தாக வேண்டும். இதே வகையில் இன்னொரு நூலை மின்நூலாக வாங்கியபோது, அதிலிருந்த வரைபடம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, எழுத்துகள் ஒன்றும் தெரியாமல் போயின. வரைபடமுள்ள நூல்களை அச்சிலேயே வாங்குவது நல்லது.

பெயர்ச் சிக்கல் மிகக் கடுமையாக இருந்தது யோகோயாமா ஹிதேயோவின் ‘சிக்ஸ் ஃபோர்’ நாவலில்தான். ஜப்பானில் பேரரசரின் ஆட்சிக்காலத்தைக் கொண்டு எண்ணப்படும் ஷோவா ஆண்டுக்கணக்கின் 64ஆம் ஆண்டு, 1989 ஜனவரியில் ஏழே நாட்கள் நீடித்து, பேரரசரின் மறைவோடு முடிந்துபோயிற்று. அந்த ஏழு நாட்களுக்குள் கடத்தப்பட்ட ஒரு சிறுமியின் வழக்கே நாவலின் அடித்தளம். மிகாமி, மினாகோ, மிகுமோ, மொச்சிசுகி என்று வரிசையாக மகரத்தில் தொடங்கும் பெயர்களால் இரண்டு முறை பாதியில் நிறுத்தினேன். ஜப்பானிய வாசகருக்கு இந்தக் குழப்பம் இந்த அளவுக்கு இராது. மிகாமியின் ‘மி’ மூன்று என்று பொருள்படும் எழுத்து. மிகுமோவின் ‘மி’ அழகைக் குறிக்கும் வேறோர் எழுத்து. கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரிபவை ஒலிபெயர்ப்பில் ஒரே அசையாகிவிடுகின்றன. இது தெரிந்த பிறகு மொழிபெயர்ப்பாளர் மீது எனக்கிருந்த எரிச்சல் தணிந்தது. மூன்றாம் முறை, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அவருடைய பதவியையும், யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பதையும் எழுதிக்கொண்டே படித்தேன். காவல்துறைக்குள் நடக்கும் அதிகாரப் போட்டியே இந்நாவலின் உயிர் என்பதால், அந்தப் பட்டியல் நினைவுக்குறிப்பாக மட்டுமின்றி வழக்கின் வரைபடமாகவும் ஆயிற்று. சிக்ஸ் ஃபோரை முதல் நூலாக எடுக்க வேண்டாம். நான்கைந்து நாவல்களுக்குப் பிறகு, ஒரு நீண்ட விடுமுறையில், கையில் வெற்றுத்தாளுடன் தொடங்குங்கள்.