கையால் என்ட்ரி, சிஎஸ்வி, ஸ்டேட்மென்ட் கோப்பு, நேரடி இணைப்பு: வங்கிக் கணக்கை டேலி செய்ய எது சரி?

பேரேட்டில் உள்ள வங்கி இருப்பும் ஸ்டேட்மென்டில் உள்ள இருப்பும் மாத முடிவில் ஒத்துப்போகவில்லை என்றால், தவறு கூட்டலில் இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதைக் கணினி பார்த்துக்கொள்கிறது. வங்கி விவரம் எந்த வழியாகக் கணக்கு மென்பொருளுக்குள் வந்தது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். வழிகள் நான்கு: கையால் என்ட்ரி போடுவது, வங்கித் தளத்திலிருந்து சிஎஸ்வி (காற்புள்ளியால் பத்தி பிரிக்கும் எளிய உரைக் கோப்பு) இறக்கி ஏற்றுவது, எம்டி940 அல்லது கேம்ட்.053 போன்ற முறைப்படுத்தப்பட்ட ஸ்டேட்மென்ட் கோப்பைப் பெறுவது, வங்கியோடு மென்பொருளை நேரடியாக இணைத்துவிடுவது.

இவற்றை வேகத்தை வைத்து ஒப்பிட்டால் நேரடி இணைப்புதான் ஜெயிக்கும். ஆனால் கணக்கை முடிக்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒவ்வொரு வரிக்கும், அதாவது ஸ்டேட்மென்டின் ஒவ்வொரு பதிவுக்கும், மாறாத அடையாள எண் வருகிறதா? வரிகளோடு தொடக்க இருப்பும் இறுதி இருப்பும் வருகின்றனவா? அடையாள எண் இல்லாவிட்டால் ஒரே வரி இரண்டு முறை ஏறும். இருப்புகள் இல்லாவிட்டால் ஒரு வரி விட்டுப்போனது யாருக்கும் தெரியாது.

கையால் என்ட்ரி

பழைய முறை என்று இதை ஒதுக்குபவர்கள் இதன் பெரிய பலத்தைக் கவனிப்பதில்லை. செக் எழுதிய அன்றே, வங்கிக்குத் தெரியும் முன்பே, அது ரொக்க ஏட்டில் ஏறிவிடுகிறது. அதனால் ஸ்டேட்மென்ட் வரும்போது ஒப்பிட்டுப் பார்க்க இரண்டு தனித்தனிச் சாட்சிகள் இருக்கின்றன.

பலவீனம் விரல்களில். 5,840 என்பதை 5,480 என்று அடித்தால் வித்தியாசம் 360. அது 9-ஆல் மீதமின்றி வகுபடும். இலக்கங்கள் இடம் மாறினாலும், ஒரு பூஜ்யம் கூடினாலும் (1,250 என்பது 12,500 ஆனால் வித்தியாசம் 11,250) இந்தக் குணம் மாறாது. எனவே வித்தியாசம் வந்தால் தேடும் வரிசை இது: முதலில் அதே தொகையை ஸ்டேட்மென்டில் தேடுங்கள், விட்டுப்போன என்ட்ரியாக இருக்கலாம். அடுத்து அதில் பாதித் தொகையைத் தேடுங்கள், பற்றில் வர வேண்டியது வரவில் போயிருக்கலாம். அப்புறம் 9-ஆல் வகுத்துப் பாருங்கள். மூன்றும் பலிக்கவில்லை என்றால் ஓர் இலக்கம் தவறாக விழுந்திருக்கலாம், அல்லது ஒன்றுக்கு மேற்பட்ட தவறுகள் சேர்ந்திருக்கலாம். மாதத்துக்குச் சில டஜன் வரிகள் வரை இந்த முறை தாங்கும். அதற்கு மேல் போனால் களைப்பே தவறுகளை உண்டாக்கும்.

சிஎஸ்வி

அதிகம் பேர் பயன்படுத்துவது இதுதான். நான்கிலும் அதிகமாகக் கெட்டுப்போவதும் இதுதான். கோப்பு வங்கியிலிருந்து சரியாகவே வருகிறது. அதை இரட்டைக் கிளிக்கில் எக்ஸெலில் திறந்து, பார்த்துவிட்டு, சேமிக்கும்போது சேதம் நடக்கிறது. எக்ஸெல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே காக்கும். 16 இலக்கக் குறிப்பு எண்ணின் கடைசி இலக்கம் பூஜ்யமாகிவிடும். முன்னால் இருக்கும் பூஜ்யங்கள் உதிர்ந்துவிடும். சேமித்த பின் பழைய எண்ணை மீட்க வழியில்லை. பார்க்க வேண்டுமானால் எக்ஸெலின் தரவு இறக்குமதி வழியாக, குறிப்பு எண் பத்தியை உரை என்று குறித்துத் திறக்க வேண்டும். ஏற்றுவதற்கு எப்போதும் தொடாத மூலக் கோப்பையே பயன்படுத்த வேண்டும்.

தேதி அடுத்த பள்ளம். 03/04 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? கோப்பில் நாள் முன்னால் இருந்து, கணினியின் அமைப்பில் மாதம் முன்னால் இருந்தால், 12-ஆம் தேதி வரையிலான வரிகள் சத்தமில்லாமல் தலைகீழாகும். 13-லிருந்து வரும் வரிகள் தேதியாகவே ஏற்கப்படாமல் வெறும் எழுத்தாக நிற்கும். கண்ணால் பிடிக்க ஓர் அடையாளம் உண்டு: பத்தியில் சில தேதிகள் வலப்பக்கமாகவும் சில இடப்பக்கமாகவும் ஒதுங்கி நின்றால், வலப்பக்கம் நிற்பவைதான் பொய் சொல்கின்றன.

பற்று வரவு தலைகீழாவதும் இங்கேதான் அதிகம். நீங்கள் போட்ட பணம் வங்கிக்குக் கடன். ஆகவே அதன் ஏட்டில் அது வரவு. உங்கள் ஏட்டில் வங்கி இருப்பு ஒரு சொத்து, ஆகவே பற்று. பத்திகளைப் பொருத்தும் திரையில் வங்கியின் வரவை உங்கள் வரவோடு இணைத்துவிட்டால் கோப்பு முழுதும் எதிர்ப்பக்கம் ஏறும். அப்போது இறுதி இருப்பில் வரும் வித்தியாசம், அந்தக் காலத்தின் நிகர மாற்றத்தைப் போலச் சரியாக இரண்டு மடங்காக இருக்கும்.

பெரும்பாலான சிஎஸ்வியில் அடையாள எண் இல்லை. 1 முதல் 15 வரை ஒரு முறையும், 1 முதல் 31 வரை மறுமுறையும் இறக்கினால் முதல் பாதி இரட்டிக்கும். தேதி, தொகை, விவரம் மூன்றும் ஒத்தால் நகல் என்று நீக்கும் மென்பொருள்கள் இருக்கின்றன. ஒரே நாளில் ஒரே அளவு கட்டணம் உண்மையிலேயே இருமுறை பிடிக்கப்பட்டிருந்தால், அவை ஒன்றைத் தின்றுவிடும். காப்பு ஒன்றுதான்: கோப்பில் ஓடும் இருப்புப் பத்தி இருந்தால் அதை நீக்காதீர்கள். முந்தைய இருப்போடு இந்த வரியைக் கூட்டினால் இந்த வரியின் இருப்பு வர வேண்டும். எல்லா வரிக்கும் இதை ஒரு சூத்திரம் போட்டுச் சோதிக்கலாம். சில வங்கிகள் புதிய வரியை மேலே வைக்கும். அப்போது கீழிருந்து கணக்கிட வேண்டும்.

ஸ்டேட்மென்ட் கோப்பு

எம்டி940 என்பது, வங்கிகளுக்கிடையே செய்தி அனுப்பும் வலையமைப்பான ஸ்விஃப்ட் வகுத்த வடிவம். சிஎஸ்விக்கு இல்லாத ஒழுக்கம் இதற்கு உண்டு: தொடக்க இருப்பு (60எஃப்), வரிகள் (61), விளக்கம் (86), இறுதி இருப்பு (62எஃப்). தொடக்கத்தோடு வரிகளைக் கூட்டினால் இறுதி வர வேண்டும். வராத கோப்பை மென்பொருள் ஏற்கவே கூடாது. நேற்றைய இறுதியும் இன்றைய தொடக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். இந்த இரண்டு சோதனைகளும் தானாக நடப்பதால்தான் கணக்கு முடிப்பதற்கு இந்த வகைக் கோப்பை நான் முதலிடத்தில் வைக்கிறேன்.

61 என்ற குறியோடு வரும் வரியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். முதல் 6 இலக்கங்கள் மதிப்புத் தேதி (வட்டிக் கணக்குக்கு எடுக்கும் தேதி), ஆண்டோடு. அடுத்த 4 இலக்கங்கள் பதிவுத் தேதி. அதில் மாதமும் நாளும் மட்டுமே, ஆண்டு கிடையாது. மதிப்புத் தேதி 251231, பதிவுத் தேதி 0102 என்று வந்தால், மதிப்புத் தேதியின் ஆண்டையே எடுத்துக்கொள்ளும் மென்பொருள் அதை 2026 ஜனவரி 2-இல் போடாமல் 2025 ஜனவரி 2-இல் போட்டுவிடும். மூடிய ஆண்டுக்குள் ஒரு வரி போய் ஒளிந்துகொள்ளும். தேதிக்குப் பின் பற்றா வரவா என்ற குறி. சி (வரவு), டி (பற்று) மட்டுமல்லாமல் ஆர்சி, ஆர்டி என்றும் வரும். ஆர்சி என்பது வரவை ரத்து செய்வது, அதாவது கணக்கிலிருந்து பணம் போவது. கடைசி எழுத்தை மட்டும் படிக்கும் நிரல் அதை வந்த பணமாகக் காட்டும். இறுதி இருப்புச் சோதனை இருந்தால் இதை உடனே பிடித்துவிடலாம்.

எம்டி940-இன் ஒரு செய்தி 2,000 எழுத்துகளுக்கு மேல் போகாது. நீளமான ஸ்டேட்மென்ட் பல பக்கங்களாக உடையும். இடைப்பட்ட பக்கங்களில் இருப்பு 60எம், 62எம் என்று வரும். நடுப்பக்கம் ஒன்று தொலைந்தால், ஒரு பக்கத்தின் 62எம்-உம் அடுத்ததன் 60எம்-உம் ஒத்துப்போகாது. விளக்க வரிக்கு இடம் 65 எழுத்துகள் கொண்ட 6 வரிகள்தான். ஒரே பணத்தில் இருபது பில்களைத் தீர்க்கும் வாடிக்கையாளர் எழுதும் பில் எண்கள் பாதியில் அறுந்துபோவது இதனால்தான்.

கேம்ட்.053 இதன் இளைய தலைமுறை, ஐஎஸ்ஓ 20022 குடும்பத்தைச் சேர்ந்தது, எக்ஸ்எம்எல் வடிவம். பதிவுத் தேதி முழுதாக வருகிறது. பணம் அனுப்பியவர் கொடுத்த 35 எழுத்து வரையிலான அடையாளமும், வங்கியின் சொந்தக் குறிப்பு எண்ணும் தனித்தனியாக வருகின்றன. பதிவான இருப்பும் எடுக்கத்தக்க இருப்பும் கலக்காமல் நிற்கின்றன. சம்பளப் பட்டுவாடா போன்ற தொகுப்புப் பணம் ஒரே வரியாகவும், அதற்குள் ஒவ்வொருவருக்குமான விவரமாகவும் வரும். மென்பொருள் மேல் வரியையும் உள் விவரங்களையும் சேர்த்து ஏற்றினால் தொகை இரட்டிக்கும். எந்த நிலையில் படிக்க வேண்டும் என்ற அமைப்பை முதல் நாளே பாருங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கேம்ட்.052 என்பது பகல் நேர நிலவரம், 054 என்பது தனித்தனி அறிவிப்பு, 053 மட்டுமே முடிந்த ஸ்டேட்மென்ட். மூன்றையும் ஒரே கோப்புறையில் கொட்டினால் ஒரே பணம் மூன்று முறை ஏறலாம். மற்றொன்று பதிப்பு எண். 053-இன் 02-ஆம் பதிப்பில் அனுப்பியவர் பெயர் இருந்த இடத்திலிருந்து 08-ஆம் பதிப்பில் ஒரு படி உள்ளே போய்விட்டது. வங்கி பதிப்பை உயர்த்திய மறுநாள் தொகைகள் சரியாகவும் பெயர்கள் மட்டும் காலியாகவும் வந்தால், காரணம் பெரும்பாலும் இதுதான்.

ஓஎஃப்எக்ஸ் கோப்பு சிறிய நிறுவனங்களுக்குப் போதுமானது. 1997-இல் வந்த இந்த வடிவத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒரு தனி எண் உண்டு. அதனால் நகல் சிக்கல் குறைவு. சில வங்கிகள் ஒவ்வொரு முறை இறக்கும்போதும் அந்த எண்ணைப் புதிதாக உண்டாக்குகின்றன. ஒரே வாரத்தை இருமுறை இறக்கி எண்களை ஒப்பிட்டால் உங்கள் வங்கி எந்த ரகம் என்று தெரிந்துவிடும்.

நேரடி இணைப்பு

காலையில் கையிருப்பைப் பார்க்க இதற்கு இணை இல்லை. ஆனால் இதில் வருவதெல்லாம் முடிந்த வரிகள் அல்ல. நிலுவையில் உள்ள கார்டு வரி ஓர் அடையாள எண்ணோடு வந்து, இரண்டு நாள் கழித்துப் பதிவாகும்போது வேறு எண்ணோடு, சில சமயம் வேறு தொகையோடும் வரும். மென்பொருள் இரண்டையும் வைத்துக்கொள்ளும். நிலுவை வரிகளை எடுக்காதே என்ற அமைப்பு இருந்தால் அதை முதலில் போட்டுவிடுங்கள்.

இணைப்பு அறுவதும் சகஜம். கணக்கைப் பார்க்கக் கொடுத்த அனுமதி காலாவதியாகும். ஐரோப்பிய ஒன்றிய விதிகளில் முதலில் 90 நாளாக இருந்தது, 2023-இல் 180 நாளாயிற்று. 10-ஆம் தேதி அறுந்து 14-ஆம் தேதி மீண்டும் இணைத்தால், நடுவில் உள்ள நாட்களை எல்லா இணைப்புகளும் தேடிப் போய் எடுப்பதில்லை. கூடவே வரும் இருப்பு அந்த நொடியின் இருப்பு. அதில் நிலுவைத் தொகை சேர்ந்திருக்கலாம். ஆகவே ஓட்டை விழுந்தது அதைப் பார்த்தால் தெரியாது.

இதைவிடப் பெரிய ஆபத்து தானியங்கி விதிகளில் இருக்கிறது. இந்தப் பெயர் வந்தால் இந்தச் செலவுக் கணக்கில் போடு என்று விதி எழுதி, வங்கி வரியிலிருந்தே என்ட்ரியை உண்டாக்கச் செய்தால், வித்தியாசம் எப்போதும் பூஜ்யமாகவே வரும். வராமல் எப்படி இருக்கும்? இரண்டு பக்கமும் ஒரே தாளிலிருந்து வந்தவை. சப்ளையருக்கு இரண்டு முறை போன பணமும், யாரும் அனுமதிக்காத பிடித்தமும் அழகாகச் செலவில் உட்கார்ந்து, சரிகட்டும் பட்டியலில் பச்சை நிறத்தில் நிற்கும். வங்கி விவரம் கணக்கைச் சோதிக்க வேண்டும்; அதையே வைத்துக் கணக்கு எழுதினால் சோதனை என்பதே போய்விடும்.

வங்கிகள் தங்களுக்குள் எப்படிச் செய்கின்றன என்று பார்த்தாலே இது புரியும். ஒரு வங்கி வேறொரு வங்கியில் வைத்திருக்கும் நோஸ்ட்ரோ கணக்குக்குத் தன் பேரேட்டில் ஒரு நிழல் கணக்கு வைத்து, தன் வவுச்சர்களிலிருந்து அதை எழுதுகிறது. எதிர் வங்கியிடமிருந்து எம்டி950 (இதுவும் ஸ்விஃப்டின் ஸ்டேட்மென்ட் வடிவம்) அல்லது கேம்ட்.053 வந்ததும் இரண்டையும் பொருத்துகிறது. பொருந்தாத வரி, எத்தனை நாளாக நிற்கிறது என்ற கணக்கோடு விசாரணைப் பட்டியலுக்குப் போகிறது.

உங்கள் மென்பொருளிலும் இதே கட்டுப்பாட்டை வைக்கலாம். வட்டி, வங்கிக் கட்டணம், வட்டியில் பிடித்த வருமான வரி ஆகியவை வங்கியிலேயே பிறப்பவை. என்ட்ரி உண்டாக்கும் விதி இவற்றுக்கு மட்டும் போதும். மற்ற எல்லாவற்றுக்கும், ஏற்கெனவே இருக்கும் என்ட்ரியோடு பொருத்தும் உரிமை மட்டும் கொடுங்கள்: தொகை சரியாக ஒத்திருக்க வேண்டும், தேதியில் 3 முதல் 5 நாள் வரை இடைவெளி இருக்கலாம், குறிப்பு எண் ஒத்தால் தானாகப் பொருத்தலாம், ஒத்துப்போகாவிட்டால் ஆள் பார்க்க வேண்டும். பொருந்தாதவை அனாமத்துக் கணக்கில் (விவரம் தெரியும் வரை தற்காலிகமாக வைக்கும் கணக்கு) நிற்கட்டும்; அந்தக் கணக்கு மாத முடிவில் பூஜ்யமாக வேண்டும்.

கார்டு வசூல் மட்டும் தனி கவனம் கேட்கும். 10,000-க்கு விற்பனை, கட்டணம் 180, வங்கிக்கு வருவது 9,820. வந்ததை அப்படியே விற்பனை என்று போட்டால் விற்பனை 180 குறைகிறது, கட்டணம் கணக்கிலேயே வரவில்லை. வங்கி பற்று 9,820, கட்டணம் பற்று 180, கார்டு வசூல் நிலுவை வரவு 10,000 என்று மூன்று கால்களில் போட வேண்டும்.

எதைத் தேர்வு செய்வது

வரிகள் குறைவு என்றால் கையால் எழுதி, சிஎஸ்வியின் ஓடும் இருப்பை வைத்துச் சோதித்தால் போதும். வரிகள் அதிகம் என்றால் வங்கியிடம் கேம்ட்.053 கேளுங்கள், இல்லாவிட்டால் எம்டி940. நேரடி இணைப்பைப் பணநிலை பார்க்க வைத்துக்கொள்ளலாம். கணக்கை மூட அதை மட்டும் நம்ப வேண்டாம்.

வழியை மாற்றுவதானால் மாத முதல் தேதியில் மாற்றுங்கள். முந்தைய மாதத்தைப் பழைய வழியிலேயே முழுதாகச் சரிகட்டி, பாஸ் ஆகாத செக்குகளையும் வரவு வைக்கப்படாத பணத்தையும் பட்டியலிட்டு, அந்தத் தேதியைப் பூட்டுங்கள். நிறுவனக் கணக்கின் ஒரு நகலில், முடிந்துபோன ஒரு மாதத்தின் கோப்பை ஏற்றி, இறுதி இருப்பு வருகிறதா என்று பாருங்கள். அப்புறம்தான் உண்மைக் கணக்கில் ஏற்ற வேண்டும். முதல் சில வாரங்களில் புதிய கோப்பில் வரும் பழைய செக்குகளை, பட்டியலில் உள்ள பழைய என்ட்ரிகளோடு ஒவ்வொன்றாகக் கையால் பொருத்துங்கள். தானியங்கிப் பொருத்தம் பூட்டிய மாதத்துக்குள் தேடாமல் போகலாம். விட்டால் அதே செக்குக்கு இன்னொரு என்ட்ரி விழலாம்.