முழு ஓடையா, சுருக்க ஓடையா? பல வருடம் படித்தும் நடத்தியும் பார்த்ததில்

2007-லிருந்து ஆர்எஸ்எஸ் ஓடை (RSS feed) வழியாகத்தான் இணையத்தில் படிக்கிறேன். ஒரு தளத்தில் புதிதாக வருவதை நம் செயலிக்கே கொண்டுவந்து தரும் வசதி அது. ஓடைகளைத் திரட்டிப் படிக்க உதவும் ரீடர் செயலிகளில் முதலில் கூகுள் ரீடர். 2013 ஜூலை 1-ஆம் தேதி அதை மூடியதும் ஃபீட்லி, அப்புறம் இனோரீடர். இத்தனை மாற்றத்திலும் கட்டுரையை முழுதாகத் தரும் ஓடைகள் என் பட்டியலில் தங்கிவிட்டன. முதல் பத்தியோடு நிறுத்திக்கொண்டவை ஒவ்வொன்றாக உதிர்ந்துபோயின.

காரணம் என் பேருந்துப் பயணம். வாரம் இரண்டு நாள் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவேன். கிளம்பும் முன் வீட்டு வைஃபையில் ஓடைகளைப் புதுப்பித்துக்கொள்வேன். மலைப்பாதையில் பல வளைவுகளில் சிக்னல் கிடைக்காது. முழு ஓடை என்றால் கவலையில்லை, கட்டுரை ஏற்கெனவே போனில் இருக்கும். சுருக்க ஓடையில் விஷயம் சூடுபிடிக்கும் இடத்தில் சதுர அடைப்புக்குள் மூன்று புள்ளி வந்து நிற்கும். தொட்டால் வெள்ளைத் திரைதான். வீட்டுக்குப் போய்ப் படிக்கலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்தவற்றில் பாதியை நான் திறந்ததே இல்லை.

தளம் நடத்தப் பயன்படும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஓடையைச் சுருக்கம் என்று வைத்துவிட்டு, எழுதியவர் தன் கையால் சுருக்கம் எழுதாவிட்டால், அது முதல் 55 சொற்களை வெட்டி அனுப்பிவிடும். செய்திக்கு அது போதும். நிதானமாகத் தொடங்கும் கட்டுரையில் 55 சொல்லுக்குள் என்ன சொல்ல வருகிறார் என்பதே பிடிபடாது.

இதெல்லாம் தெரிந்தும், மலைக்காய்கறி சாகுபடி பற்றி நான் நடத்தும் சிறு தளத்தில் முதலில் சுருக்க ஓடைதான் வைத்திருந்தேன். ஆட்கள் தளத்துக்கு வர வேண்டும், எழுதியதை யாரும் திருடக் கூடாது என்ற இரண்டு எண்ணம்தான். ஆனால் கேரட் பற்றிய என் கட்டுரை வேறொரு தளத்தில் படத்தோடும் என் எழுத்துப்பிழையோடும் அப்படியே வந்திருந்தது. ஓடையில் 55 சொல்தான் இருந்தது, பக்கத்திலிருந்தே எடுத்திருக்கிறார்கள். திருடுபவரைச் சுருக்க ஓடை தடுக்காது. அது சிரமப்படுத்துவது ஒழுங்காகப் படிக்க வருபவரைத்தான்.

அப்போதுதான் பார்வையற்ற வாசகி ஒருவரிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. அவர் போன் வாசித்துக் காட்டுவதைக் கேட்டே படிப்பவர். “ரீடருக்குள் முழுக் கட்டுரை இருந்தால் தலைப்பு முடிந்ததும் விஷயம் வந்துவிடும். உங்கள் பக்கத்துக்கு வந்தால் மெனு, விளம்பரம், பகிர்வுப் பொத்தான் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் கட்டுரைக்குப் போக முடிகிறது” என்று எழுதியிருந்தார். அன்று இரவே வேர்ட்பிரஸ் அமைப்புகளில் வாசிப்புப் பகுதிக்குப் போய் முழு உரை என்று மாற்றினேன். அந்த மின்னஞ்சலை இன்னும் வைத்திருக்கிறேன்.

மாற்றிய பிறகு தளத்துக்கு வருபவர் எண்ணிக்கை குறைந்தது, உண்மைதான். ஆனால் கட்டுரையைக் கடைசி வரி வரை படித்துவிட்டுக் கேள்வி கேட்டு எழுதுபவர்கள் கூடினார்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

முழு ஓடைக்கும் தொல்லை உண்டு. ஒருமுறை மருந்து அளவை லிட்டருக்கு 3 மில்லி என்பதற்குப் பதில் 30 என்று எழுதிவிட்டேன். பத்து நிமிடத்தில் பக்கத்தில் திருத்தினேன். ஆனால் அதற்குள் இறக்கியவர்களில் சிலரிடம் பழைய பிரதியே நின்றுவிட்டது. நல்லவேளை, ஒருவர் தெளிக்கும் முன் சந்தேகம் கேட்டார். அதிலிருந்து இப்படிப்பட்ட திருத்தத்தைத் தனிப் பதிவாகவும் போடுகிறேன். படங்களுக்கும் முழு முகவரி கொடுக்க வேண்டும், பாதி முகவரி கொடுத்தால் சில ரீடர்களில் வெறும் கட்டம்தான் தெரியும்.

சரி, எழுத்தையே நம்பிப் பிழைப்பவர் என்ன செய்வது? ஆப்பிள் நிறுவனம் பற்றி ஜான் க்ரூபர் எழுதும் டேரிங் ஃபயர்பால் தளம் முழு ஓடையைக் கட்டண உறுப்பினர்களுக்கு மட்டுமே தந்துவந்தது. 2007-ல் அதை எல்லோருக்கும் திறந்துவிட்டு, ஓடைக்குள்ளேயே வாரம் ஒரு விளம்பரதாரர் என்று வைத்தது. தொழில்நுட்பச் செய்தித் தளமான ஆர்ஸ் டெக்னிகா சந்தாதாரர்களுக்கு முழு ஓடை தருகிறது. இரண்டுமே வாசகரைப் பாதி வழியில் இறக்கிவிடாத ஏற்பாடுகள்.

இரண்டுக்கும் வழியில்லை, சுருக்கம்தான் முடியும் என்பவர்கள் அந்த இரண்டு வரியையாவது கையால் எழுதுங்கள். கட்டுரை எதைப் பற்றியது, எனக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரிந்தால், மேட்டுப்பாளையம் பேருந்து நிலையத்தில் சிக்னல் வந்ததும் நானே திறந்து படிப்பேன்.