சொந்த லேப்டாப்பில் அலுவலக வேலை: ஜீரோ ட்ரஸ்ட் பயன்படுத்திய அனுபவம்

கோவையில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. பெரிய நிறுவனம் இல்லை. ஆடிட்டர் சார், சில சீனியர்கள், சிஏ பயிற்சிக்காக வரும் ஆர்ட்டிகிள்ஷிப் பிள்ளைகள், பல்லடத்திலும் சூலூரிலும் வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் அக்காக்கள். விண்டோஸ் சர்வரில் கணக்கு மென்பொருளான டேலி ஓடுகிறது. வாடிக்கையாளர்களின் ஆவணங்களை ஸ்கேன் செய்து வைக்க நெக்ஸ்ட்கிளவுட் என்ற கோப்புச் சேமிப்பு மென்பொருள் இருக்கிறது. இந்த இரண்டையும் வெளியிலிருந்து திறக்க கிளவுட்ஃப்ளேர் என்ற இணையச் சேவை நிறுவனத்தின் ஜீரோ ட்ரஸ்ட் (சோதிக்காமல் யாரையும் உள்ளே விடாத முறை) சேவையைச் சில வருடங்களாகப் பயன்படுத்துகிறோம். நம்மூரில் இதே மாதிரி எத்தனையோ அலுவலகங்கள் டேலியை ரிமோட் டெஸ்க்டாப்பில்தான் (சர்வரின் திரையைத் தொலைவிலிருந்து திறக்கும் வசதி) ஓட்டுகின்றன என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது ரூட்டரில் 3389 போர்ட், அதாவது ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசல், இணையத்துக்குத் திறந்தே கிடந்தது. யாரோ எப்போதோ செய்துகொடுத்த ஏற்பாடு. சர்வரில் நடப்பதைப் பதிவாகக் காட்டும் ஈவன்ட் வியூவரில் 4625 என்ற எண்ணைத் தேடினால், தோற்றுப்போன லாகின் முயற்சிகள் பக்கம் பக்கமாக ஓடும். administrator, admin, user, tally என்று பெயரை மாற்றி மாற்றி, ராத்திரி பகல் பார்க்காமல் யாரோ முயன்றுகொண்டே இருந்தார்கள். உள்ளே இருந்தவை நூற்றுக்கணக்கான குடும்பங்களின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வருமான விவரமும். அதைப் பார்த்த பிறகு அந்தப் போர்ட்டை விட்டுவைக்க மனசு வரவில்லை.

வெளியிலிருந்து அலுவலக நெட்வொர்க்கோடு இணைக்கும் விபிஎன் போட்டால் போதாதா என்று ஆடிட்டர் சார் கேட்டார். விபிஎன்னில் ஒருமுறை உள்ளே வந்துவிட்டால் பெரும்பாலும் மொத்த நெட்வொர்க்கும் கைக்கு வந்துவிடும். வீட்டில் பையன் திருட்டு கேம் போட்டு விளையாடும் லேப்டாப்பும், விபிஎன் இணைந்த நேரத்தில் நம் அலுவலகக் கணினிகளில் ஒன்றாகிவிடும். ஜீரோ ட்ரஸ்ட் இந்தச் சலுகையைத்தான் எடுத்துவிடுகிறது. எங்கிருந்து வருகிறாய் என்பதற்காக யாரையும் நம்பாமல், ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக ஆளையும் கருவியையும் சோதிக்க வேண்டும். பாதுகாப்பு ஆய்வாளர் ஜான் கிண்டர்வாக் 2010-ல் இந்தப் பெயரைப் பரப்பினார். 2009-ல் தாக்குதலுக்கு ஆளான கூகுள், பியாண்ட்கார்ப் என்ற பெயரில் தன் ஊழியர்களுக்கு இதை நடைமுறையாக்கியது. அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் 2020-ல் இதற்கென்றே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. ஆனால் எங்களை இழுத்தது இந்த வரலாறு இல்லை, டனல் என்ற வசதி.

சர்வரில் கிளவுட்ஃப்ளேர்டி என்ற சின்ன நிரலை நிறுவுகிறோம். அது உள்ளிருந்து வெளியே போய், கிளவுட்ஃப்ளேரோடு தானே இணைப்பை ஏற்படுத்திக்கொள்கிறது. இதுதான் டனல். ரூட்டரில் ஒரு போர்ட்கூடத் திறக்க வேண்டாம், மாறாத இணைய முகவரியான ஸ்டாடிக் ஐபியும் வேண்டாம். நம்மூர் பிராட்பேண்டில் பல வாடிக்கையாளர்களை ஒரே பொது ஐபிக்குப் பின்னால் வைப்பது சகஜம், அதனால் போர்ட் திறப்பதே பல இடங்களில் முடியாத காரியம். டனலுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 3389-ஐ மூடிய மறுநாள் ஈவன்ட் வியூவரைத் திறந்தேன். 4625 வரிசை அப்படியே நின்றுபோயிருந்தது.

செலவைச் சொல்லிவிடுகிறேன். 50 பேர் வரை இலவசம், பதிவு செய்யும்போது கார்டு விவரம் மட்டும் கேட்கும். யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்பது போன்ற பதிவுகள் இலவசத் திட்டத்தில் 24 மணி நேரம்தான் இருக்கும். சனிக்கிழமை மதியம் நடந்த ஒன்று திங்கட்கிழமை தெரியவந்தால் பார்க்க எதுவும் மிஞ்சியிருக்காது. கட்டணத் திட்டத்தில் 30 நாள் இருக்கும், ஆளுக்கு மாதம் 7 டாலர். ஆடிட் அலுவலகத்துக்கு அந்த 30 நாள் வேண்டும் என்பது என் கருத்து, அதனால் கட்டணத்துக்கு மாறிவிட்டோம்.

இனி முக்கியமான விஷயம். அலுவலகம் வாங்கிக்கொடுத்த லேப்டாப்பில் வார்ப் என்ற கிளையன்டை (கருவியில் நிறுவும் கிளவுட்ஃப்ளேர் செயலி) போட்டுவிடலாம், அதில் யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அக்காக்கள் பயன்படுத்துவது சொந்த லேப்டாப், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் ஹோம்வொர்க் செய்வதும் அதில்தான். மொபைலும் சொந்தம். ஒரு அக்கா நேராகவே கேட்டார்: “தம்பி, இதைப் போட்டா நான் என்ன பாக்கறேன்னு உங்களுக்குத் தெரியுமா?”

தெரியும் என்றுதான் சொன்னேன். அதுதான் உண்மை. இயல்பான அமைப்பில், விலக்கிவைத்த சில முகவரிகள் தவிர கருவியின் மொத்தப் போக்குவரத்தும் வார்ப் வழியாகத்தான் போகும். எந்தப் போக்குவரத்து வார்ப்பில் போகும் என்று பிரிக்கும் ஸ்பிளிட் டனலை மாற்றி, அலுவலக சர்வருக்குப் போவது மட்டும் உள்ளே வரட்டும் என்று வைக்கலாம். பலர் அதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் ஸ்பிளிட் டனல் டிஎன்எஸ்ஸை, அதாவது தளப் பெயருக்கு உரிய முகவரியைத் தேடும் வேலையை, தொடுவதில்லை. பெயர்த்தேடல்கள் அப்போதும் கிளவுட்ஃப்ளேரின் வடிகட்டியான கேட்வேக்குப் போய்ப் பதிவாகும். அவர் எந்த மருத்துவமனையின் தளத்தைத் திறந்தார், எந்த வேலைவாய்ப்புத் தளத்தைப் பார்த்தார் என்பது என் திரையில் ஒரு வரியாக நிற்கும். இதைத் தவிர்க்க, டிஎன்எஸ் வடிகட்டல் இல்லாத முறைக்கு கிளையன்டைத் தனியாக மாற்ற வேண்டும்.

அடுத்தது, இணையத்தில் போகும் தரவின் மறையாக்கத்தை (என்கிரிப்ஷன்) பிரித்துப் பார்ப்பது. அதற்குக் கருவியில், கிளவுட்ஃப்ளேரை நம்பச் சொல்லும் ரூட் சான்றிதழ் நிறுவ வேண்டும். நிறுவிவிட்டால் உலாவியில் போகும் வங்கித் தளமும் சொந்த மெயிலும்கூட நடுவழியில் பிரிக்கப்படும். ஆண்ட்ராய்டு 7-லிருந்து, பயனர் நிறுவும் சான்றிதழைச் செயலிகள் இயல்பாக ஏற்பதில்லை, அதனால் மொபைலில் செயலிகள் நின்றுபோகவும் வாய்ப்பு உண்டு. சொந்தக் கருவி எதிலும் அந்தச் சான்றிதழை நான் போடவில்லை, போடவும் மாட்டேன். சம்பளம் கொடுக்கிறோம் என்பதற்காக ஒருவருடைய வீட்டு லேப்டாப்பின் இணையம் முழுவதையும் பார்க்கும் உரிமை அலுவலகத்துக்குக் கிடையாது.

கடைசியில் நிலைத்த ஏற்பாடு இது. அலுவலக லேப்டாப்களில் வார்ப் உண்டு, வட்டு மறையாக்கமும் ஃபயர்வாலும் இருக்கிறதா என்ற சோதனையும் உண்டு. சொந்தக் கருவிகளில் எதையும் நிறுவுவதில்லை, உலாவி மட்டும். நெக்ஸ்ட்கிளவுட் ஆரம்பத்திலிருந்தே அப்படித்தான். டேலிக்குத்தான் வழி இல்லாமல் இருந்தது. 2025-ல் ரிமோட் டெஸ்க்டாப்பை உலாவிக்குள்ளேயே திறக்கும் வசதி வந்ததும் அக்காக்களின் லேப்டாப்பிலிருந்து வார்ப்பை எடுத்துவிட்டேன். இப்போது குரோமில் ஒரு முகவரி, கூகுள் லாகின், விண்டோஸ் கடவுச்சொல், டேலித் திரை, அவ்வளவுதான். டேப்பை மூடினால் அந்த லேப்டாப்பில் அலுவலகக் கோப்பு எதுவும் தங்குவதில்லை. எங்கள் ஏற்பாட்டில் கோப்புகளை இழுத்துப்போட முடியாது என்பதால், பேலன்ஸ் ஷீட் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடந்து வீட்டிலிருக்கும் யார் கண்ணிலோ படும் கவலையும் விட்டது.

இதற்கும் ஒரு விலை உண்டு. உலாவி வழியாகப் போகும்போது தரவு கிளவுட்ஃப்ளேரின் சர்வரில் ஒருமுறை பிரிக்கப்பட்டு மறுபடி மறையாக்கப்படுகிறது. வார்ப்புக்குள் போகும் ரிமோட் டெஸ்க்டாப்புக்கோ அதற்கே உரிய மறையாக்கம் கடைசிவரை உண்டு. வாடிக்கையாளர் ரகசியம் என்பது ஆடிட்டருக்குத் தொழில் தர்மம், அதனால் இதை ஆடிட்டர் சாருக்கு விளக்கிச் சொல்லி, அவர் சம்மதித்த பிறகே மாற்றினேன். இன்னொரு வரம்பு: ஜீரோ ட்ரஸ்டுக்குக் கட்டணம் கட்டினாலும், டொமைன் கிளவுட்ஃப்ளேரின் இலவசத் திட்டத்தில் இருந்தால் ஒரே தடவையில் 100 எம்பிக்கு மேல் பதிவேற்ற முடியாது. மொத்தமாக ஸ்கேன் செய்த பெரிய பிடிஎஃப்களைப் பிரித்துத்தான் ஏற்றுகிறோம்.

லாகின் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். மெயிலுக்கு ஓடிபி அனுப்பி உள்ளே விடும் முறை அமைக்க எளிது, ஆனால் மெயில் பறிபோனால் எல்லாம் போச்சு. எஸ்எம்எஸ் ஓடிபி அதைவிட மோசம். வாட்ஸ்ஆப்பில் இ-சலான் என்று சொல்லி வரும் போலிச் செயலியை (ஏபிகே) நிறுவிவிட்டால் அது எஸ்எம்எஸ்ஸைப் படித்துவிடும். 2022-ல் ட்விலியோ என்ற தகவல்தொடர்பு நிறுவனத்தையும் கிளவுட்ஃப்ளேரையும் ஒரே மாதிரியான எஸ்எம்எஸ் மோசடி தாக்கியது. கிளவுட்ஃப்ளேர் ஊழியர்கள் சிலரும் போலிப் பக்கத்தில் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார்கள். ஆனாலும் உள்ளே நுழைய வன்பொருள் சாவி (லாகினுக்குக் கணினியில் செருகும் சிறு கருவி) தேவைப்பட்டதால் தாக்குதல் அங்கேயே நின்றது. எங்கள் அலுவலகத்தில் ஆடிட்டர் சாருக்கும் சீனியர்களுக்கும் வன்பொருள் சாவி வாங்கிக்கொடுத்தோம், மற்றவர்களுக்கு கூகுள் கணக்கில் பாஸ்கீ (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கருவியே உறுதிசெய்யும் முறை). விரல் வைத்தால் உள்ளே போகலாம் என்பதால் யாரும் முணுமுணுக்கவில்லை.

ஆர்ட்டிகிள்ஷிப் முடித்துப் போகும் நாளில் இதன் அருமை நன்றாகத் தெரிகிறது. முன்பு ஒரே விண்டோஸ் கடவுச்சொல்லை நாலு பேர் வைத்திருப்பார்கள், ஒருவர் போனால் எல்லோருக்கும் மாற்ற வேண்டும், அதனால் மாற்றாமலே விட்டுவிடுவார்கள். இப்போது பட்டியலிலிருந்து ஒரு மெயிலை எடுத்து, நடப்பு செஷனை ரத்து செய்தால் முடிந்தது. செஷனை ரத்து செய்வதை மறந்துவிடக் கூடாது, ஒருமுறை உள்ளே வந்த செஷன் இயல்பாக 24 மணி நேரம் நீடிக்கும்.

எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில் இருப்பது எனக்கு இன்னும் உறுத்துகிறது. 2025 நவம்பர் 18 அன்று கிளவுட்ஃப்ளேரில் உலகளாவிய கோளாறு ஏற்பட்டது, இந்திய நேரம் மாலை 4.50-க்குத் தொடங்கியது. ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை, புதிதாக லாகின் செய்வதுதான் பல இடங்களில் தடைப்பட்டது. 20-ஆம் தேதி மாதாந்திர ஜிஎஸ்டி படிவமான ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள் என்பதால் எங்களைப் போன்றவர்களுக்கு அந்த வாரம் சாதாரண வாரம் இல்லை. எங்கள் மாற்று வழி எளிது: 18, 19, 20 தேதிகளில் குறைந்தது இரண்டு பேர் அலுவலகத்துக்கே வந்து உள் நெட்வொர்க்கில் வேலை பார்க்க வேண்டும். அவசரத்துக்கு என்று மறுபடி ஒரு போர்ட்டைத் திறந்து வைக்கும் யோசனையை நான் ஒத்துக்கொள்ளவில்லை.

இப்போது கையில் இருப்பது விண்டோஸ் 10 பிரச்சினை. 2025 அக்டோபர் 14-ஓடு அதற்கான ஆதரவு முடிந்தது. சில அக்காக்களின் லேப்டாப் விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய மாடல். உலாவி வழியில் கிளையன்ட் இல்லாததால் எந்த விண்டோஸ் என்ற சோதனையை இயந்திரம் செய்யாது, நாமே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். புது லேப்டாப் வாங்குங்கள் என்று அவர்களிடம் சொல்வது நியாயமில்லை என்று ஆடிட்டர் சாரிடம் பேசினேன். அலுவலகத்தில் இருக்கும் கூடுதல் லேப்டாப்களின் வட்டை மறையாக்கம் செய்து, வார்ப் போட்டு, அவர்களுக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறார். முதல் லேப்டாப் இந்த வாரம் பல்லடத்துக்குப் போகிறது.