வாஃபிள் அச்சில் வாட்டிய இடியப்பம்

ஆறு வருடத்துக்குப் பிறகு ஸ்காபரோவில் இருந்து திருகோணமலைக்குப் போயிருந்தேன். கொழும்புக் கோட்டையில் ஏறிய இரவு ரயில் கல் ஓயாச் சந்தியில் கிளை பிரிந்து, விடியும் நேரத்துக்கு ஊருக்குள் வந்தது. கோணேசர் கோயில், கன்னியா வெந்நீர்க் கிணறுகள், நிலாவெளிக் கடல் பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் எழுத வந்தது ஒரு காலைச் சாப்பாட்டைப் பற்றி.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு டச் பே பக்கம் உள்ள ஒரு சிறிய கஃபேயில் நாலு பேரும் சந்திப்பதாகப் பேச்சு. எண்பதுகளில் ஒரே ரியூசன் வகுப்பில் இருந்தவர்கள் நாங்கள். ஒருத்தன் கிண்ணியா. ஒருத்தன் தம்பலகாமத்தில் வயல் செய்கிறான். மற்றவள் படிப்பித்து ஓய்வு பெற்ற ஆசிரியை. அந்த நாளில் கிண்ணியாக்காரன் ‘பாதை’ என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் ஏறி, கடல்நீரேரியைக் கடந்துதான் வகுப்புக்கு வருவான். பாதை பிந்தினால் அவனும் பிந்துவான், வாத்தியாரிடம் ஏச்சும் வாங்குவான். 2009இல் 396 மீற்றர் நீளப் பாலம் திறந்த பிறகு அந்தக் கதை முடிந்தது. அன்றைக்கு எங்களில் முதலாவதாக வந்து மேசை பிடித்து வைத்திருந்தவன் அவன்தான்.

பரிமாற வந்த பிள்ளைக்கு இருபது வயது இருக்கும். மெனுவைத் தந்த கையோடு, “இண்டைக்கு வெள்ளி. ஆரும் சைவமோ?” என்று கேட்டது. ஆசிரியை கையை உயர்த்தினாள். “அப்ப சீனிச்சம்பல் உங்களுக்கு வேண்டாம், அதில மாசிக் கருவாடு கிடக்கு. தேங்காய்ச் சம்பல் மாசி போடாமல் தனியா அரைச்சுத் தரலாம்” என்றது. வெளிநாட்டில் இருந்து வந்து சைவம் சாப்பிடுகிறவர்கள் இதைக் கவனியுங்கள். எங்கள் ஊர்ச் சம்பலில் மாசி கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும். கேட்டால்தான் பல கடைகளில் சொல்லுவார்கள். இந்தப் பிள்ளை கேட்காமலே சொன்னது.

மூன்று சாப்பாடு எடுத்து நடுவில் வைத்துப் பங்குபோட்டோம். முதலாவது வாஃபிள் இடியப்பம். அவித்த சிவப்பு அரிசிமா இடியப்பத்தை இரண்டு மூன்றாக அடுக்கி, நெய் தடவிய வாஃபிள் அச்சில் வைத்து அமர்த்தி வாட்டியிருக்கிறார்கள். வெளிப்பக்கம் மொறுமொறு என்று இருக்கிறது, உள்ளே இழை இழையாக அதே இடியப்பம். பக்கத்தில் ஒரு சிறிய சாடியில் சொதி. அச்சுப் பதித்த சதுரக் குழிகளில் அந்தச் சொதியை ஊற்றினால் அப்படியே தேங்கி நிற்கும். சாதாரண இடியப்பத்தில் சொதி ஊறிக் கொழகொழவென்று ஆகிவிடும். இதில் கடைசித் துண்டு வரைக்கும் மொறுமொறுப்பு இருந்தது. புதினம் காட்டுவதற்காகச் செய்யவில்லை, யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது அந்த இடத்தில்தான்.

இரண்டாவது, கண்ணாடிக் குவளையில் குரக்கன் பிட்டு. பிட்டு, எருமைத் தயிர், கறுத்தக்கொழும்பான் மாம்பழம், திரும்பவும் பிட்டு என்று அடுக்கடுக்காக. கித்துள் பாணியை மேலே ஊற்றாமல் தனிக் கிண்ணத்தில் வைத்தார்கள். தம்பலகாமத்தானுக்குச் சீனி வருத்தம், ஆகவே அவன் பாணியைத் தொடாமல் சாப்பிட முடிந்தது. தயிரை வாயில் வைத்ததும் கிண்ணியாக்காரன், “மச்சான், இது சட்டியில உறைஞ்ச தயிர்தான்” என்றான். அவனுடைய உம்மா வீட்டில் தயிர் போட்டவர். அப்புறம் அரை மணித்தியாலம் உம்மாவின் கதைதான். ரியூசன் முடிந்து அவன் வீட்டுக்குப் போன நாட்களில் பிட்டும் தயிரும் வாழைப்பழமும் பிசைந்து எங்கள் கையில் உருட்டி வைப்பார். அவர் மௌத்தான செய்தி எனக்குக் கனடாவில் ஃபோனில் வந்தது. நான் வரவில்லை. அதை அன்றைக்குத்தான் அவனுக்கு நேரில் சொன்னேன்.

மூன்றாவது நெத்தலிக் கருவாட்டுச் சம்பல் வைத்த முட்டை அப்பம். ருசிதான், ஆனால் உப்புக் கூடிவிட்டது.

சுணக்கத்தையும் சொல்ல வேண்டும். வாஃபிள் வர நாற்பது நிமிடம் ஆனது. அச்சு ஒன்றுதான் இருக்கிறது என்று அந்தப் பிள்ளை முதலே சொல்லி, இஞ்சிப் பிளேன்ரீ கொண்டுவந்து வைத்ததால் ஒருவரும் கோபப்படவில்லை. காட் மெஷின் வேலை செய்யவில்லை, நான் வெளியே போய்க் காசு எடுத்து வந்தேன். நாலு பேருக்கும் 5,600 ரூபா. அதில் பத்து வீதம் சேவைக் கட்டணம், ஆனால் மெனுவில் அதை எங்கும் போடவில்லை. போட்டிருக்க வேண்டும். கொஞ்சக் காசு கையில் வைத்துக்கொண்டு போங்கள்.

என் மனதை உறுத்தியது வேறு. மெனு முழுக்க ஆங்கிலம். தெருப் பெயர்ப் பலகையில் மூன்று மொழியும் இருக்கிற ஊரில், பிட்டையும் இடியப்பத்தையும் சொதியையும் ஆங்கில எழுத்தில் வாசிக்க வேண்டியிருந்தது. பக்கத்து மேசையில் பேரப்பிள்ளையோடு வந்த ஒரு ஐயா மெனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் தேத்தண்ணி மட்டும் சொன்னார். அவருடைய ஊர்ச் சாப்பாடு அது. அந்த அட்டையில் அவருக்கு அது தெரியவில்லை.

இதை அந்தப் பிள்ளையிடம் தன்மையாகச் சொன்னேன். “முதலாளியிட்ட கேக்கிறன் அங்கிள், ஆனா ஆராவது எழுதித் தரவேணும்” என்றது. ஆசிரியை உடனே பேனையை எடுத்தாள். பில்லின் பின்பக்கத்தில் மூன்று சாப்பாட்டின் பெயரையும், கரும்பலகையில் எழுதுகிற அதே வடிவான எழுத்தில் எழுதினாள். மாசி சேர்ந்த சம்பல் எது என்றும் கீழே குறித்தாள். அந்தப் பிள்ளை ஒருதரம் வாசித்துப் பார்த்துவிட்டு மடித்து ஏப்ரன் பொக்கற்றில் வைத்தது. ஜும்மாவுக்கு நேரமாகிறது என்று கிண்ணியாக்காரன் எழும்ப, நாங்களும் எழும்பினோம்.