ஆண்டு-மாதம்-நாள்: நிரலில் பல வருடமாகப் பயன்படுத்திய அனுபவம்

நிரலில் தேதி எங்கே வந்தாலும் 2024-03-04 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில்தான் எழுதுகிறேன். தரவுத்தளம், லாக் (நிரல் தன் இயக்கத்தை எழுதிவைக்கும் பதிவு), ஏபிஐ (மென்பொருள்கள் ஒன்றோடொன்று தரவு பரிமாறும் வழி), கோப்புப் பெயர், கமெண்ட் என எல்லா இடத்திலும் பல வருடங்களாக இதே பழக்கம். 1988-இல் முதலில் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற சர்வதேசத் தரத்தின் வடிவம் இது. இன்றைக்குப் புதிய ப்ராஜெக்ட் தொடங்கினாலும் இதைத்தான் எடுப்பேன்.

04/03/2024 என்பது பிரிட்டனில் மார்ச் 4, அமெரிக்காவில் ஏப்ரல் 3. நாள் 12-ஐத் தாண்டிவிட்டால் பெரும்பாலும் பிழைச் செய்தி வந்து காட்டிக்கொடுத்துவிடும். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாள்கள்தான் ஆபத்து. எந்தச் சத்தமும் இல்லாமல் தவறான தேதி தரவுத்தளத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பல இடங்களிலிருந்து வந்த பதிவுகள் ஒருமுறை கலந்துவிட்டால், எது எந்த வரிசையில் எழுதப்பட்டது என்று அந்தத் தேதியை வைத்துக் கண்டுபிடிக்கவே முடியாது.

எனக்கு மிகவும் பிடித்தது வரிசைப்படுத்தல். வெறும் எழுத்தாக அடுக்கினாலே காலவரிசை கிடைத்துவிடுகிறது. ஆனால் முன்னால் வரும் பூஜ்ஜியத்தை விடக்கூடாது. 2024-3-4 என்று எழுதினால் 2024-10-01 அதற்கு முன்னால் போய் நிற்கும்.

இதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. ஜாவாஸ்கிரிப்ட் மொழி நேரமில்லாத 2024-03-04-ஐ யுடிசி (உலகப் பொது நேரம்) நள்ளிரவாக எடுத்துக்கொள்கிறது. நியூயார்க்கில் இருப்பவரின் திரையில் அது மார்ச் 3 ஆகத் தெரியும். பிறந்தநாள் போன்ற வெறும் தேதியை நேரத்தோடு சேர்ந்த வகையில் வைக்காமல் இருப்பதே நல்லது. ஜாவாவில் வடிவக் குறியீட்டில் ஆண்டுக்குச் சின்ன ஒய் போட வேண்டும். பெரிய ஒய் என்றால் வாரக் கணக்கு ஆண்டு, அதாவது அந்த நாள் இருக்கும் வாரம் எந்த ஆண்டின் கணக்கில் வருகிறதோ அந்த ஆண்டு. 2024-12-30 என்ற நாள் 2025-12-30 என்று அச்சாகும். டிசம்பர் கடைசியிலோ ஜனவரி தொடக்கத்திலோ மட்டும் தலைகாட்டுவதால் சோதனையில் சிக்காது. கோட் ரிவ்யூவில் நான் முதலில் தேடுவது இதைத்தான்.

நேரமும் சேர்ந்தால், அது யுடிசியிலிருந்து எவ்வளவு முன்பின் என்ற வித்தியாசத்தையும் கட்டாயம் எழுதுங்கள். இணையத்துக்காக ஐஎஸ்ஓ வடிவத்தைச் சுருக்கிக் கொடுத்த ஆர்எஃப்சி 3339 என்ற விதி ஆவணம் அதைக் கேட்கிறது. ஏபிஐக்கு அதுவே போதும். வருங்காலச் சந்திப்புகளுக்கு மட்டும் நேர மண்டலத்தின் பெயரையும் சேமிக்கிறேன், அரசுகள் இடையில் விதியை மாற்றிவிடுவதுண்டு.

பயனர் பார்க்கும் திரையில் இந்த வடிவத்தைத் திணிக்க வேண்டியதில்லை. அங்கே மாதத்தைப் பெயராகவே, 4 மார்ச் 2024 என்று காட்டுகிறேன். அந்த மாற்றம் திரைக்குப் போகும் கடைசிப் படியில் மட்டும்.