பி0299 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டி டர்போவை மாற்றச் சொன்னால் உடனே சம்மதிக்காதீர்கள்

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தபோது, பாதி வளைவுகளைக் கடந்த நிலையில் என் டீசல் காரின் இழுவை திடீரென்று குறைந்தது. செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் 3000 சுற்றுகளைத் தாண்டவில்லை. மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் ஸ்கேனரை மாட்டி, பி0299 என்ற பிழைக் குறியீட்டைக் காட்டி, "டர்போ போயிடுச்சு சார், மாத்தித்தான் ஆகணும்" என்றார்கள். இன்ஜினுக்குள் காற்றை அழுத்தி அனுப்பும் பாகம்தான் டர்போ. வேறு எந்தச் சோதனையும் செய்யவில்லை. பயத்தில் ஒப்புக்கொண்டு 62,000 ரூபாய் கட்டினேன். பதினாறாம் நாள், அதே மலைப்பாதையில் அதே கோளாறு திரும்ப வந்தது.

இரண்டாவதாகப் பார்த்த மெக்கானிக் விளக்கிய பிறகுதான் விஷயம் புரிந்தது. காரின் கணினி கேட்ட காற்றழுத்தம் வந்து சேரவில்லை என்பதை மட்டுமே அந்தக் குறியீடு சொல்கிறது. எந்தப் பாகத்தால் என்று சொல்வதில்லை. டர்போ அனுப்பும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் குழாயில் கசிவு இருந்தாலும், அழுத்தத்தை அளக்கும் சென்சார் தவறாகக் காட்டினாலும் இதே குறியீடுதான் வரும். என் காரின் டர்போவுக்குள் இருக்கும் இதழ்களை நகர்த்தும் ஆக்சுவேட்டர் வேக்குவத்தால், அதாவது காற்றை உறிஞ்சும் விசையால் இயங்குவது. அந்த வேக்குவம் பம்பிலிருந்து சொலினாய்டு என்ற மின் வால்வு வழியாக மெல்லிய ரப்பர் ஹோஸில் வருகிறது. வழியில் எங்கு கசிந்தாலும் இதழ்கள் திறந்தபடியே நின்றுவிடுவதால், டர்போ புத்தம் புதியதாக இருந்தாலும் அழுத்தம் ஏறாது.

அவர் முதலில் கைப்பம்பை ஆக்சுவேட்டரில் மாட்டி உறிஞ்சினார். ஆக்சுவேட்டரின் தண்டு சீராக நகர்ந்து, விடாமல் நின்றது. ஆகவே அது நல்ல நிலையில் இருந்தது. பிறகு, இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை காத்திருந்து ஹோஸில் கேஜை மாட்டியபோது முள் இறங்கியது. சொலினாய்டுக்கு அருகே, மடிப்பில், மயிரிழை அளவு வெடிப்பு. சூட்டில் மட்டுமே அது விரிந்ததால்தான் ஊருக்குள் ஓட்டியபோது எதுவும் தெரியவில்லை. புது ஹோஸின் விலை 180 ரூபாய். அதை மாற்றியபின் ஸ்கேனருடன் மலையேறிப் பார்த்தோம். கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒட்டியே சென்றன.

டர்போவை மாற்றச் சொல்பவரிடம், ஓட்டிப் பார்த்து எடுத்த கேட்ட அழுத்தம், கிடைத்த அழுத்தம் ஆகிய இரண்டு அளவுகளையும், வேக்குவம் சோதனையையும், டர்போவின் சுழலும் தண்டில் இருக்கும் ஆட்டத்தையும் உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். நான் வாங்கவில்லை. என் பழைய டர்போவைக் கேட்டபோது, ஸ்கிராப்புக்குப் போய்விட்டது என்றார்கள். நல்ல நிலையில் இருந்த பாகம் அது என்றே இன்றும் நம்புகிறேன். பில், இரண்டு ஸ்கேன் அறிக்கைகள், வெடித்த ஹோஸ் ஆகியவற்றுடன் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் புகார் கொடுக்கத் தயாராகி வருகிறேன்.